சிறு கைமுதலும் தாய்மார் தொழிலும்



குடும்ப வரவு போதாமையால், வீட்டிலிருந்தவாறே ஏதேனும் சிறு தொழில் செய்ய விரும்பும் தாய்மார் நம் நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் இருக்கின்றனர். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர் அவ்விருப்பம் பல வீடுகளில் தேவையாகவே மாறிவிட்டது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலே, கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி, பணவீக்கம் நூற்றுக்கு எழுபது வீதத்தை எட்டும் அளவுக்கு உயர்ந்தது. பின்னர் விலைகள் ஏறும் வேகம் தணிந்ததேயன்றி, ஏறிய விலைகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை. மாதச் சம்பளமாயினும் நாட்கூலியாயினும், ஒருவருடைய உழைப்பில் ஒரு குடும்பம் நடப்பது அரிதாகிவிட்டது.

பாடசாலை அதிபராகக் கடமையாற்றும் எனக்கு, பிள்ளைகளின் வரவுப் பதிவேடே அவர்கள் குடும்பங்களின் வரவுசெலவையும் ஓரளவு காட்டிவிடுகின்றது. தாயின் கையிலே நாள்தோறும் சிறிதளவு பணம் புழங்கும் வீட்டுப் பிள்ளை, பெரும்பாலும் ஒழுங்காகப் பாடசாலைக்கு வருகின்றது. கடன் பட்டு நொந்த வீட்டுப் பிள்ளையோ, முதலிற் பிந்தி வருகின்றது. பின்னர் இடையிடையே வராது விடுகின்றது. ஈற்றிலே எங்கே போயிற்று என்று நாம் தேட வேண்டியதாகின்றது. ஆதலால், இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அடுக்களைக்கும் சந்தைக்கும் மட்டும் உரியதன்று. பிள்ளைகளின் கல்விக்கும் உரியதாகும்.

சிறிய முதலோடு தொடங்கும் தொழில்கள் ஏன் சிலருக்குக் கைகூடுகின்றன, சிலருக்குக் கைநழுவுகின்றன? முதல் போதாமையே காரணம் என்று பலர் கூறுவர். அதிலும் உண்மை உண்டு. ஆயினும், இருக்கும் சிறு முதல் இன்று எங்கே நிற்கின்றது என்பதை அறியாமற் போவதே இன்னும் பெரிய காரணம் என்பது என் கருத்து. மாவாக நிற்கின்றதா, விற்ற காசாகப் பேணியில் இருக்கின்றதா, பிறர் தரவேண்டிய பற்றாகக் கொப்பியில் இருக்கின்றதா, அல்லது வீட்டுச் செலவோடு செலவாகக் கரைந்தே போயிற்றா? இவ்வினாவுக்கு எந்நாளும் விடை சொல்லக்கூடிய தாய் தொழிலில் நிலைப்பாள். இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

முதலில், கைமுதல் என்பது யாது? பணம் ஒன்றுதான் கைமுதல் என்று எண்ணுதல் கூடாது. உங்கள் கைக்கு வந்த வேலை ஒரு முதல். வீட்டிலே ஏற்கெனவே இருக்கும் இடியப்ப உரல், நீத்துப்பெட்டி, சுளகு, அம்மி, தையல் ஊசி யாவும் முதல். நாளிலே உங்களுக்குக் கிடைக்கும் ஓய்ந்த நேரம் ஒரு முதல். உங்கள் ஒழுங்கையிலும் கோயில் வீதியிலும் உங்களை அறிந்து, உங்கள் கையாற் சமைத்ததை நம்பி உண்ணக்கூடிய மனிதர் மற்றொரு முதல். இவற்றை எல்லாம் எழுதிக்கொண்ட பின்னர், எஞ்சிய குறையை நிரப்புவதற்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று பாருங்கள். முதலிலே தொழிலைத் தீர்மானித்து, அதற்காகப் பாத்திரமும் இயந்திரமும் வாங்கக் கடன் தேடுவது தலைகீழான வழி. கையிலே உள்ளதைக் கொண்டு தொழிலைத் தெரிவதே நேரான வழி.

தொழிலைத் தெரியும்போது மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நடந்து போகக்கூடிய தூரத்தில் இதனை வாங்குவோர் யாவர்? இட்ட பணம் எத்தனை நாளிலே திரும்பி வரும்? விற்காது எஞ்சினால் அதற்கு என்ன கதி? இம்மூன்றுக்கும் நல்ல விடை உள்ள தொழிலே வறிய தாய்க்கு ஏற்றது.

இவற்றுள் இரண்டாவது வினாவைக் கொண்டு வீட்டுத் தொழில்களை நான்காக வகுக்கலாம். அன்றே பணம் தருவன சமைத்த உணவுகள். சில வாரங்களிற் பணம் தருவன தூள், வடகம், ஊறுகாய் போன்ற உலர்ந்த, பதப்படுத்திய பொருள்கள். பருவத்தையொட்டிப் பணம் தருவன பனம்பொருள்களும் தையலும். அரையாண்டளவு காத்திருக்கச் செய்வன கோழியும் ஆடும். கையிலே பணம் மிகக் குறைவாக உள்ளவர் முதலாம் வகையிலே தொடங்கி, சிறிது சேர்ந்த பின்னர் மற்றவற்றுக்குச் செல்வது பாதுகாப்பானது. பசித்த வீட்டிற்கு ஆறு மாதம் கழித்து முட்டையிடப்போகும் கோழியால் உடனடிப் பயன் யாது?

முதலாம் வகைக்கு இடியப்பத்தையே எடுத்துக்கொள்வோம். காலையிலும் மாலையிலும் அதனை வாங்காத ஊர் இல்லை. உரலும் தட்டுகளும் பல வீடுகளில் உண்டு. வேலைக்குப் போகும் பெண்கள் பெருகப் பெருக, வீட்டிலே இடியப்பம் பிழிவோர் குறைந்து வருகின்றனர். ஆகவே வாங்குவோர் உளர். இதன் ஒருநாட் கணக்கை விளக்கத்திற்காக வைத்துப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர், வாரத்திற்கு வாரம் மாறுமாதலால், கணக்கின் முறையை மட்டும் கவனியுங்கள்.

நூறு இடியப்பத்திற்கு அரிசிமா 500 ரூபா. விறகு 120 ரூபா. சம்பலுக்கும் சொதிக்கும் 250 ரூபா. பொதி செய்ய 60 ரூபா. தட்டும் உரலும் தேய்ந்து போவதற்கென 20 ரூபா. ஆக மொத்தம் 950 ரூபா. ஓர் இடியப்பம் 14 ரூபாவாக நூறும் விற்றால் 1,400 ரூபா கைக்கு வரும். மிகுதி 450 ரூபா. இதனை இலாபம் என்று கூறுவது வழக்கம். உண்மையில் இது இலாபமன்று. நாலரை மணித்தியாலம் அடுப்படியிலே நின்ற தாயின் கூலி. மணித்தியாலத்திற்கு 100 ரூபா. இதனிலும் கூடிய கூலி தரும் வேறு வேலை அருகிலே உண்டா, இல்லையா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இவ்வெண் உதவும்.

இனி, பத்து இடியப்பம் விற்காது எஞ்சியது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவு 1,260 ரூபாவாகும். மிகுதி 310 ரூபாவாகச் சுருங்கும். நூற்றிலே பத்துக் குறைந்ததனாற் கூலியிலே மூன்றிலொரு பங்குக்கு அண்மையாகப் போய்விட்டது. எனவேதான், முதல்நாளே சொல்லி வைப்போருக்கு மட்டும் பிழிவது, நூறு பிழிந்து பத்தை எறிவதிலும் மேலானது. எஞ்சிய பத்தையும் வீட்டுப் பிள்ளைகள் உண்டார்களாயின், அது நட்டமன்று, வீட்டுச் செலவு. அதனை வீட்டுக் கணக்கிலிருந்து தொழிற் கணக்குக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால், தொழில் நட்டமடைகின்றது என்ற தவறான எண்ணம் உண்டாகும்.

மாலையிலே தாயின் கையில் 1,400 ரூபா இருக்கின்றது. அவ்வேளையிற் பிள்ளைக்கு மருந்து வேண்டும், மின்கட்டணம் வேண்டும், உறவினர் வீட்டுக் கலியாணத்திற்குப் போக வேண்டும். பணம் ஒரே பேணியில் இருக்குமாயின், 450 ரூபா போனதும் நில்லாது 950 ரூபாவிலும் கை வைக்கப்படும். மறுநாட் காலையிலே மா வாங்கக் காசில்லை. கடையிலே பற்றுக்கு வாங்க வேண்டும். பற்றுக்கு வாங்குவோர் விலை பேச முடியாது. இவ்வாறு நாளொன்றுக்கு ஐம்பது ரூபா கூடிய விலை கொடுத்தால், மாதத்தில் 1,500 ரூபா போய்விடும். தொழில் நடந்துகொண்டே இருக்கும். தாய் உழைத்துக்கொண்டே இருப்பாள். கையிலே ஒன்றும் மிஞ்சாது.

இதற்கு மருந்து மிக எளிது. மூன்று பேணிகள் வையுங்கள். முதலாவது பேணி முதலுக்கு. நாளைய மாவும் விறகும் தேங்காயும் வாங்கும் பணம் அதனுள் இருக்கும். இரண்டாவது பேணி கூலிக்கு; வீட்டுச் செலவுக்கு எடுக்கக்கூடியது அது ஒன்றே. மூன்றாவது பேணி தேய்மானத்திற்கும் இடருக்கும். உரல் உடைந்தாலும், காய்ச்சலிலே நாலு நாள் படுத்தாலும் அதுவே தாங்கும். விற்ற காசு கைக்கு வந்தவுடனேயே மூன்றாகப் பிரித்துவிட வேண்டும். இவற்றோடு, பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பியிலே எஞ்சிய தாள்களிற் கணக்கெழுதுங்கள். இடப்புறம் வந்தது, வலப்புறம் போனது, அடியிலே பற்று நிலுவை. எழுத வசதியில்லாத தாய்க்கு ஆறாம் வகுப்புப் பிள்ளை பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுக்கும். அது பிள்ளைக்கும் நல்ல கணிதப் பாடமாகும்.

இரண்டாம் வகையாகிய உலர்ந்த பொருள்களில் முதலிடம் பெறுவது மிளகாய்த்தூள். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றைப் பதமாக வறுத்து இடிக்கும் யாழ்ப்பாணத்துத் தூளுக்குக் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் விருப்பம் உண்டு. மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், எலுமிச்சங்காய் ஊறுகாய், குரக்கன் மா, எள்ளுருண்டை ஆகியனவும் இவ்வகையின. பருத்தித்துறையிலே வீடுகளிற் சுடப்பட்ட தட்டை வடை, இன்று அவ்வூரின் பெயராலேயே எங்கும் அறியப்படுகின்றது. ஒரே சுவையை மாற்றாது காத்துவந்தால், வீட்டு அடுக்களையிற் பிறந்த பொருளுக்கும் ஊரளவு பெயர் கிடைக்கும் என்பதற்கு அது சான்று.

தூள் வியாபாரத்திற் பலர் நிறையிலே ஏமாறுகின்றனர். மூன்று கிலோச் சரக்கை 3,600 ரூபாவுக்கு வாங்கியவர், கிலோவுக்கு 1,200 ரூபா அடக்கவிலை என்று கொள்வார். வறுக்கும்போது ஈரம் போகும்; அரைக்கும்போதும் அரிக்கும்போதும் சிறிது கழியும். கைக்கு வருவது இரண்டு கிலோ எழுநூறு கிராமாயின், அடக்கவிலை கிலோவுக்கு 1,333 ரூபாவாகும். அரைகூலி, விறகு, பொதி, தாயின் கூலி ஆகியன இதன்மேற் சேரவேண்டும். வாங்கிய நிறையைக் கொண்டு விலை கூறாது, அரைத்து முடிந்த நிறையைக் கொண்டே விலை கூற வேண்டும். மேலும், சூடாறுமுன் பொதி செய்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு பொதி பழுதானால் பத்து வாடிக்கையாளர் போய்விடுவர்.

உணவு விற்போர் சட்டத்தையும் அறிந்திருத்தல் நன்று. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டிலே செய்து விற்கும் உணவுக்கும் பொருந்தும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருமுன், நீங்களே சென்று அவரைக் கண்டு, எவ்வெவற்றைத் திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொதியின் மேல் பொருளின் பெயர், நிறை, சேர்க்கைகள், செய்த நாள், முடிவு நாள், செய்தவர் முகவரி ஆகியன தெளிவாக இருக்கட்டும். கடைக்காரர் துணிந்து வாங்குவதற்கு அச்சிறு தாளே உதவி. தொழிற் பெயரைப் பதிவுசெய்யும் முறையைப் பிரதேச செயலகத்திலே கேட்டறியலாம்.

வட இலங்கைத் தாய்மாருக்குப் பனை என்னும் முதல் வளவிலேயே நிற்கின்றது. ஆவணி, புரட்டாதியில் விழும் பழத்தின் களியைப் பாயிலே படலம் படலமாக ஊற்றிக் காயவைத்தாற் பனாட்டு. விதைகளைப் பாத்தியில் அடுக்கிவைத்தால், தை மாதமளவில் கிழங்கு. கிழங்கை அப்படியே விற்றால், எல்லோரும் ஒரே காலத்தில் விற்பதனால் விலை விழும். கிழித்துக் காயவைத்து ஒடியலாக்கினாலும், அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியலாக்கினாலும், ஆண்டு முழுவதும் வைத்து விற்கலாம். வெயிலுக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. பொறுமைக்கே விலை கிடைக்கின்றது. ஒடியல்மாவை விற்போர், அதனை நீரிலே ஊறவைத்து வடித்துக் கயர்ப்பு நீக்கிச் சமைக்கும் முறையையும் வாங்குவோருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இளந்தலைமுறையினர் பலர் அதனை அறியார்.

ஓலைத் தொழிலும் அத்தகையதே. சார்வோலையும் கத்தியும் பழகிய விரல்களும் இருந்தாற் கடகம், பெட்டி, சுளகு, நீத்துப்பெட்டி, பாய் யாவும் பிறக்கும். 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதியிலிருந்து உணவு சுற்றும் பொலித்தீன் தாள்களும் றெஜிபோம் பெட்டிகளும் நம் நாட்டிலே தடைசெய்யப்பட்டமை, வாழையிலைக்கும் ஓலைப்பெட்டிக்கும் மறுபடி ஓர் இடத்தைத் தந்தது. விழாக்களுக்குச் சிற்றுண்டி வைத்துக் கொடுக்கும் சிறு பெட்டிகளை மொத்தமாகக் கேட்போர் உளர். இத்தொழிலிலே ஓலைக்குச் செல்லும் காசு சிறிது, நேரமே பெரிது. ஆகவே, எந்தப் பொருள் மணித்தியாலத்திற்கு எவ்வளவு கூலி தருகின்றது என்று ஒருமுறை மணிக்கூட்டை வைத்துப் பின்னிப் பாருங்கள். ஒருநாள் முழுவதும் பின்னிய பாயிலும், அதே நேரத்திற் பின்னிய ஆறு சிறு பெட்டிகள் கூடிய வருவாய் தருதல் கூடும். 1978ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும், பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களும் பயிற்சி, சந்தை ஆகியவை பற்றி விசாரிக்கத்தக்க இடங்களாகும்.

பனையில்லாப் பகுதிகளுக்கும் அவ்வவற்றுக்கு உரிய முதல் உண்டு. மட்டக்களப்புப் பகுதியிலே பன் கொண்டு இழைக்கும் பாயும், மருதமுனையிலே கைத்தறியும் பழம்பெருமை உடையன. மலையகத் தாய் கொழுந்து பறித்து மாலையிலே வீடு திரும்பியபின் நெடுநேரம் அடுப்படியில் நிற்றல் இயலாது; அவளுக்குக் கீரைப்பாத்தியும், மரத்தூள் நிரப்பிய பைகளில் வளரும் காளானும், விடுமுறை நாளில் இடும் நாற்றுமேடையும் ஏற்றன. மரவேலைத் தலங்களிலிருந்து மரத்தூள் மலிவாகக் கிடைக்குமா, விதைப்பொதி எங்கே பெறலாம் என்பவற்றை முதலில் அறிந்த பின்னரே காளானிற் கைவைக்க வேண்டும்.

கோழி வளர்ப்போர், அடைவைத்த முட்டை 21 நாளிற் பொரிக்கும். குஞ்சு வளர்ந்து முட்டையிட ஐந்தாறு மாதம் செல்லும் என்பதை மறத்தலாகாது. அதுவரை தீனிக்குப் பணம் வேண்டும். சோறு, கீரை, சந்தைக் கழிவு முதலியவற்றாற் பெரும்பகுதித் தீனியைச் சமாளிக்கக்கூடிய ஐந்தாறு ஊர்க்கோழிகளே தொடக்கத்திற்குப் போதும். தையற்பொறி ஏற்கெனவே உள்ள தாய்க்கு நான் ஒரு பருவத்தைச் சொல்லி வைக்கின்றேன். 1993ஆம் ஆண்டு தொடக்கம் அரசாங்கம் மாணவர்க்குச் சீருடைத் துணியை இலவசமாக வழங்கி வருகின்றது. துணி கிடைக்கும், தைப்பதற்குத்தான் ஆள் வேண்டும். புதிய ஆண்டுத் தவணைக்கு முன்னுள்ள வாரங்களில் ஊர்த் தையற்காரர் எல்லோரிடமும் துணி குவிந்து கிடக்கும். பாடசாலை வெள்ளைச் சட்டையை மட்டும் செம்மையாகத் தைக்கப் பழகினாலும் அப்பருவத்தில் வேலைக்குக் குறைவிராது.

ஓர் ஒழுங்கையில் ஒருத்தி இடியப்பம் விற்று முன்னேறினால், ஒரு மாதத்திற்குள் நால்வர் அதனையே தொடங்குகின்றனர். வாங்குவோர் தொகை கூடவில்லை. விலை மட்டும் குறைகின்றது. ஐவருக்கும் கூலி கிட்டாது போகின்றது. அயலாள் இடியப்பம் விற்றால், நீங்கள் சம்பலுக்குத் தூள் விற்கலாம். அரிசிமா வறுத்துக் கொடுக்கலாம். பொதி செய்ய ஓலைப்பெட்டி பின்னிக் கொடுக்கலாம். ஒருவர் தொழிலுக்கு மற்றவர் தொழில் துணையாகும்போது ஊர் முழுவதற்கும் இடமுண்டு.

இனிக் கடனைப் பற்றிக் கூற வேண்டும். வாரத் தவணைக்குக் கொடுக்கப்படும் நுண்கடன் நம் பெண்கள் பலரைப் பெருந்துன்பத்துக்கு ஆளாக்கிய செய்தி யாவரும் அறிந்ததே. 2016ஆம் ஆண்டில் நுண்நிதித் தொழிலை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் 2018ஆம் ஆண்டில், வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற, ஓரிலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களுள் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டிய நிலை உண்டாயிற்று. வட்டிக் கணக்கை ஒருமுறை விளங்கிக்கொண்டால் அதன் காரணம் புலப்படும்.

ஒரு தாய் 52,000 ரூபா கடன் பெறுகின்றாள் என்போம். ஆண்டுக்கு நூற்றுக்கு 25 வீதம் வட்டி என்று சொல்கின்றனர். வட்டி 13,000 ரூபா. வாரத்துக்கு முதல் 1,000 ரூபாவும் வட்டி 250 ரூபாவுமாக 1,250 ரூபா, 52 வாரம் கட்ட வேண்டும். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். ஆனால் 52,000 ரூபாவும் ஆண்டு முழுவதும் அவள் கையில் இருக்கவில்லை. வாரந்தோறும் ஆயிரம் ரூபா திரும்பிப் போகின்றது. இருபத்தாறாம் வாரத்தின் முடிவிற் பாதியே எஞ்சுகின்றது. கடைசி வாரத்தில் ஆயிரமே நிற்கின்றது. சராசரியாக அவள் கையாண்ட கடன் 26,500 ரூபாதான். அத்தொகைக்கு 13,000 ரூபா வட்டி கொடுத்தால், நூற்றுக்கு ஏறக்குறைய 49 வீதமாகின்றது. சொல்லிய வட்டி 25; கொடுத்த வட்டி அதன் இருமடங்கு. அதுவுமன்றி, முதல் வாரத்திலிருந்தே தவணை தொடங்குவதால், முட்டையிடாத கோழிக்கும் தைக்கத் தொடங்காத பொறிக்கும் கட்டுப்பணம் எங்கிருந்து வரும்? வேறொரு கடனிலிருந்தே வரும். அழிவு அங்கேதான் தொடங்குகின்றது.

ஆதலால், கடன் பெறுமுன் மூன்றைக் கேளுங்கள். வட்டி முழுத்தொகைக்கா, குறைந்து செல்லும் நிலுவைக்கா? தவணை எப்போது தொடங்கும்? கடன் தருபவர் சட்டப்படி அனுமதி பெற்றவரா? தெளிவான விடை எழுத்திலே தராதவரிடம் கையொப்பமிடாதீர்கள்.

கடனுக்கு மாற்றாக நம்மிடையே பழைய வழிகள் இல்லாமலில்லை. நன்கு அறிமுகமான பன்னிருவர் மாதம் ஆயிரம் ரூபாவாகக் குலுக்குச் சீட்டுப் பிடித்தால், ஆண்டுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை 12,000 ரூபா வட்டியின்றிக் கிடைக்கும். அத்தொகையை உரலோ தராசோ வாங்கப் பயன்படுத்துவதே அறிவு. சீட்டுக்கு உயிர் நம்பிக்கையாதலால், ஆட்தொகையைப் பெருக்காமல், அயலவரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கூட்டுறவுக் கடன்சங்கம் இன்னும் உறுதியானது. 1911ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கெனச் சட்டம் பெற்ற நாடு நம் நாடு. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களின் சுழற்சிக் கடனும் விசாரிக்கத்தக்கது.

தாய்மார் ஒன்று சேர்ந்தால் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கு அயல்நாட்டிலிருந்து ஓர் உதாரணம் கூறுகின்றேன். 1959ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15ஆந் திகதி, பம்பாய் நகரின் கிர்காம் பகுதியிலே குஜராத்திப் பெண்கள் எழுவர், கடனாகப் பெற்ற 80 ரூபாவோடு தாம் வாழ்ந்த கட்டடத்தின் மொட்டைமாடியில் அமர்ந்து அப்பளம் இட்டனர். முதல்நாள் ஆனது நான்கு பொதியே. அம்முயற்சிதான் இன்று பல்லாயிரம் பெண்கள் பங்குகொள்ளும் 'லிஜ்ஜத்' அப்பள நிறுவனமாக விளங்குகின்றது. அவ்வெழுவருள் ஒருவராகிய ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் அவர்களுக்கு 2021ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. அங்கே பிசைந்த மாவைப் பெண்கள் வீட்டிற்குக் கொண்டுசென்று, அப்பளமாக இட்டுக் காயவைத்து, திரும்பக் கொண்டுவந்து நிறுத்துக் கொடுத்துக் கூலி பெறுகின்றனர். மாவை ஒரே இடத்திற் பிசைவதனாற் சுவை மாறுவதில்லை. வீட்டிலேயே இடுவதனாற் பிள்ளைகளையும் கவனிக்க முடிகின்றது. சரக்கை மொத்தமாக வாங்குவதனால் விலை குறைகின்றது. நம் ஊர்ப் பெண்கள் ஐவர் கூடி மிளகாயை மூட்டையாக வாங்கி, ஒரே பதத்தில் வறுத்து, ஒரே பெயரில் விற்றால், அதே வழியில் முதலடி வைத்தவர் ஆவர்.

ஈற்றிலே, அதிபர் என்ற முறையில் இரு வேண்டுகோள்கள். முதலாவது தாய்மாருக்கு. தொழில் பிள்ளைகளுக்காகவே செய்யப்படுகின்றது. ஆதலாற் பிள்ளையின் பாடசாலை நேரத்தைத் தொழிலுக்கு முதலாக இடாதீர்கள். மாலையில் இரண்டு பொதி கொண்டுபோய்க் கொடுப்பது தவறன்று. காலையில் இடியப்பம் விற்று, பத்து மணிக்கு வகுப்பறைக்கு வரும் பிள்ளையின் இழப்பை எந்தக் கொப்பியிலும் எழுதிச் சரிக்கட்ட முடியாது. நாளிலே நான்கு மணித்தியாலத்திற்கு ஏற்ற தொழிலாயின், அந்த அளவோடு நிற்பது நல்லது.

இரண்டாவது, இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் தந்தைமாருக்கு. மனைவியின் முதற் பேணி அவசரத்திற்கு எடுக்கும் பேணியன்று. அதிலிருந்து எடுக்கும் நூறு ரூபா, நாளைய ஆயிரம் ரூபா வரவை நிறுத்திவிடும். விறகு கொத்திக் கொடுப்பதும், மா அரைத்துக்கொண்டு வருவதும், மாலையிற் கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதும் தந்தைமார் அத்தொழிலிலே இடக்கூடிய முதலாகும். அவள் ஓய்வதற்கு ஒரு மணித்தியாலம் கிடைக்காத தொழில் நெடுங்காலம் நடவாது.

தொடங்க விரும்பும் தாய்மார் இன்றிரவே ஒரு தாளை எடுத்து, வீட்டிலுள்ள பொருள்களையும், கைவந்த வேலைகளையும், ஓய்ந்த மணித்தியாலங்களையும், வாங்கக்கூடிய பத்து வீடுகளையும் எழுதிப் பாருங்கள். ஒரு வாரம் சிறிதளவாகச் செய்து விற்றுப் பாருங்கள். ஏழு நாட் கணக்கைக் கூட்டிப் பார்த்த பின்னரே அடுத்த அடியை எடுத்து வையுங்கள். அவ்வேழு நாளில் நட்டம் தெரிந்தாலும், அது சிறிய தொகையோடு தெரிந்த பாடமாகும். மிகுதி தெரிந்தால், முதற் பேணியைத் தொடாது, எட்டாம் நாளும் அடுப்பை மூட்டுங்கள்.